புல்லுக்குள் போவதற்கு முன்

தம்பி,

இந்தக் கடிதத்தை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்தால் சனிக்கிழமைக்கு முன்பே வாசித்துவிடுவாய். அப்படியென்றால் இது உன்னைப் போகாதே என்று மறிக்கிற கடிதம். பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் வைத்தால், நீ சாம்பியாவில் இறங்கி, எங்கள் வேட்டை முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, உடுப்பு மாற்றும்போதுதான் கண்டெடுப்பாய். அப்படியென்றால் நான் உன்னைப் போக விட்டுவிட்டேன். இன்று செவ்வாய்க்கிழமை. இதைப் போன வருடமே எழுதியிருக்க வேண்டும், பிந்தித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, பட்டப் படிப்பின் கடைசிச் சோதனையை வயிற்றில் உன்னோடுதான் எழுதினேன். இப்போதும் உன்னோடு கடைக்குப் போனால் அக்காவா என்று கேட்கிறார்கள், நீ விழுந்து விழுந்து சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வயதில் தாயானவளுக்குப் பயமும் பிள்ளையோடு சேர்ந்தே வளர்கிறது போலிருக்கிறது. நீ தவழ்ந்தபோது மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பயந்தேன். நீ ஹவுன்ஸ்லோவில் பள்ளிக்கூடம் போனபோது பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மொட்டைத் தலை வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பயந்தேன். இப்போது, இந்த லண்டனில் உட்கார்ந்துகொண்டு, காட்டெருமைக்குப் பயப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன், ஞாபகமிருக்கும். "முகாமைத் தனியப் பொறுப்பெடுக்கப் போறாய். உனக்குப் பயமா இல்லையோ?" நீ கோப்பையைக் கழுவும் தொட்டிக்குள் வைத்தபடியே சொன்னாய்: "எனக்கொரு பயமும் இல்லை அம்மா. நீங்கள்தான் சும்மா எல்லாத்துக்கும் நடுங்குறியள்." பிறகு விசிலடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனாய். எங்கள் தொழிலில் அந்த விடையைச் சொல்கிறவர்களை நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். காட்டுக்கு அனுப்ப மாட்டேன். எவ்வளவு பெரிய ஆளாயிருந்தாலும், தேநீரும் பருத்தித்துறை வடையும் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிடுவேன்.

கணக்கு வாத்தியார் ஒருவர் எப்படி வேட்டைத் துவக்குத் தூக்கினார் என்று உன் சிநேகிதர்கள் கேட்டால் நீ கதை கட்டிச் சொல்வாய். உண்மை அவ்வளவு சுவையானதல்ல. அப்பா சாம்பியாவுக்குப் படிப்பிக்கத்தான் போனார். பள்ளிக்கூட விடுமுறையில் வேட்டைச் சுற்றுலா நடத்திய ஒரு கிழட்டு வெள்ளைக்காரருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். கணக்கு எழுதப் போன இடத்தில் நடக்கப் பழகினார், தடம் பார்க்கப் பழகினார், பரீட்சை எழுதி அனுமதிப் பத்திரமும் எடுத்தார். கிழவர் நாட்டைவிட்டுப் போனபோது தொழில் அப்பாவின் தலையில் வந்து விழுந்தது. "பண்டா என்று ஓர் ஆளை எனக்குத் துணையாக வைத்திருக்கிறேன், தடம் பார்ப்பதில் கெட்டிக்காரன்" என்று எழுதியிருந்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த கடிதம் அது. நான் பதறிப்போய், இந்த நேரத்தில் ஒரு சிங்களவரைக் கூட்டிக்கொண்டா காட்டுக்குள் போகிறீர்கள் என்று திருப்பி எழுதினேன். அது அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர் என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது. பண்டா இன்றைக்கும் என்னைப் பற்றிப் பேசும்போது, தன் பெயருக்கே பயந்த பெண் என்றுதான் சொல்கிறானாம்.

ஊரில் இருக்க முடியாது என்று ஆனபோது, நானும் நீயும் இங்கே வந்தோம். உன் படிப்பு ஒரு காரணம். வேட்டைக்கு வருகிறவர்களைச் சந்தித்துப் பதிவு செய்ய லண்டனில் ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னொன்று. ஹவுன்ஸ்லோவில் வீடு பார்த்ததே ஹீத்ரோ பக்கத்தில் என்பதால்தான். துவக்குப் பெட்டிகளோடு வருகிறவர்களுக்குப் பத்திரங்கள் சரியா என்று பார்ப்பதும், கொம்புகளும் தோல்களும் மரப்பெட்டியில் வந்து இறங்கும்போது சுங்கத்தில் போய் நிற்பதும் என் வேலை. அந்த நாட்களில் வந்து தலை முழுகாமல் சாமி அறைக்குள் போக மாட்டேன். வெள்ளிக்கிழமை மரக்கறி தவறியதில்லை. "வீட்டிலை வெள்ளிக்கிழமை மரக்கறி, காட்டிலை வெள்ளிக்கிழமையும் வெடி, என்ன?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டது உனக்கும் கேட்டிருக்கும். ஒரு காலத்தில் அது சுட்டது. இப்போது அவவே வந்து, சாம்பியாவில் இருந்து தேன் வந்ததோ என்று கேட்கிறா.

அப்பாவின் கால் போன கதை உனக்குத் தெரியும். அதற்கு முன் இந்த முன் அறையில் நடந்தது தெரியாது. அப்பாவோடு எருமை வேட்டைக்குப் போகப் பதிவு செய்ய வந்த அந்த மனிதர் நீ இப்போது கிரிக்கெட் பார்க்கும் கதிரையில்தான் இருந்தார். நல்ல மரியாதையான ஆள். "நான் இதுவரை குறி தவறியதே இல்லை, அம்மணி" என்றார். எனக்கு அன்று நெஞ்சு குளிர்ந்தது. இப்படி ஒருவர் போனால் அப்பாவுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தேன். அங்கே அவருடைய குண்டு எருமையின் வயிற்றில் பட்டது. எருமை ஆளுயரப் புல்லுக்குள் போய்விட்டது. தொழிலின் சட்டம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுட்டவர் வாகனத்தில் இருந்து தேநீர் குடிக்கலாம், கூட்டிப் போனவர் புல்லுக்குள் போயே ஆக வேண்டும். காயம்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது, அது அந்த மிருகத்துக்கும் செய்யும் அநியாயம், விறகு பொறுக்க வரும் பெண்களுக்கும் செய்யும் அநியாயம். அப்பா போனார். எருமை தன் தடத்தையே சுற்றி வந்து பக்கத்தில் காத்து நின்று அப்பாவின் மேல் பாய்ந்தது. பண்டா கடைசி நேரத்தில் சுட்டிராவிட்டால் உனக்கு அப்பா இல்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் புத்தி: "இனிமேல் குறி தவறினதே இல்லை எண்டு சொல்லுறவனை அனுப்பாதை. தவறினவனுக்குத்தான் கை நடுங்கும். கை நடுங்கிறவன் பொறுத்துச் சுடுவான்."

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், எப்போது குறி தவறியது, பிறகு என்ன செய்தீர்கள் என்று. முகம் சிவந்து, ஸ்கொட்லாந்தில் ஒரு மானைக் காயப்படுத்திவிட்டு இரண்டு நாள் மழையில் தேடிய கதை சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை அனுப்புகிறேன். என் பயத்தை எல்லோரும் நோய் என்கிறீர்கள். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே கருவி அதுதான்.

சவுத்தாலில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அப்பா படம் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? உனக்குப் பத்து வயதிருக்கும், நீதான் ஸ்லைடுகளை எடுத்துக் கொடுத்தாய். காட்டு விலங்குகளைப் பாதுகாத்தல் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, ஆற்றங்கரையில் யானைக் கூட்டம். பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்ததாக நீ கொடுத்தது, செத்த எருமையின் கொம்பைப் பிடித்தபடி ஒரு சிவந்த முகத்தார் சிரிக்கும் படம். முன் வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அதன் தாய் எழும்பினா.

"மாஸ்டர், இதென்ன பிள்ளையளுக்குக் காட்டுற படமோ? நீங்கள் பாதுகாக்கிறியளோ, கொல்லுறியளோ?"

"தங்கச்சி, இந்தக் கிழட்டு மாடு ஒண்டைச் சுட்டபடியால்தான் மற்ற மாடெல்லாம் நிக்குது," என்றார் அப்பா.

"அதை அந்தக் கிழட்டு மாட்டிட்டைக் கேட்டனியளோ?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்துவிட்டார். நீ மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பின் இருக்கையிலிருந்து, "அம்மா, அப்பா செய்யிறது பாவமோ?" என்று கேட்டாய். "வாயை மூடிக்கொண்டு பெல்ற்றைப் போடு" என்றேன்.

விடை பிறகுதான் வந்தது, அதுவும் நான் கேட்காமலே. அப்பா விழுந்த அடுத்த வருடம் ஒருவரையும் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். முகாமைப் பூட்டினோம். வேட்டைக்காரர் வராவிட்டால் காடு நிம்மதியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் உள்ளுக்குள் நினைத்தேன். வருட முடிவில் அப்பா ஊன்றுகோலோடு போய்ப் பார்க்க வேண்டும் என்றார், நானும் கூடப் போனேன். நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உனக்கு முழுவதும் சொல்லவில்லை. ஆற்றுக்கு இறங்கும் பாதையெல்லாம் கம்பிக் கண்ணி. தொலைபேசிக் கம்பியையும் வேலிக் கம்பியையும் வெட்டி முறுக்கிச் செய்தவை. கண்ணிக்குக் கிழடு, குட்டி, சினை என்று தெரியாது. ஒரு யானைக்குட்டியைப் பார்த்தேன். தும்பிக்கை பாதியில் அறுந்து, தண்ணீர் அள்ளத் தெரியாமல், முழங்காலில் நின்று வாயை ஆற்றுக்குள் வைத்துக் குடித்தது. தாய் பக்கத்தில் நின்று அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றது. நாங்கள் யானையைச் சுடுவதேயில்லை. ஆனால் எருமைக்காக வருகிறவர்கள் கொடுப்பதில்தான் ஊர்க் காவலர்களுக்குச் சம்பளம், அவர்கள் நடந்து திரிந்தால்தான் யானைக்கும் காவல். அதை அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் அந்தக் குட்டியைப் பார்த்த பிறகுதான் அது என் காதில் ஏறியது.

ஊர்த்தலைவி ஒரு தடித்த, குரல் பெரிய பெண். எனக்கு முன்னால் வந்து நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அப்பா அதை யாழ்ப்பாணத் தமிழில் சொன்னபோது, எங்கள் ஒழுங்கையில் யாரோ சண்டைக்கு நிற்பது போலவே இருந்தது. "இவருக்குக் கால் போச்சு, நீங்கள் பயந்து வீட்டிலை இருந்திட்டியள், சரி. எங்கடை சோளத்தை யானை தின்னேக்கை நாங்கள் எங்கை போய் இருக்கிறது? இறைச்சியும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் இல்லை. இந்த மிருகத்தாலை எங்களுக்கு என்ன கிடைக்குது எண்டு என்ரை பெடியள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" அங்கே மாட்டைக் கொல்லும் நோயைப் பரப்பும் செட்சி ஈ இருக்கிறது, மாடு வளர்க்க முடியாது. பாதை கெட்டது, படம் பிடிக்கும் சுற்றுலாக்காரர் வரமாட்டார்கள். காட்டிலிருந்து ஒன்றும் வராவிட்டால் யானை என்பது அவர்களுக்கு விளைச்சலைத் தின்னும் ஒரு பெரிய வாய் மட்டும்தான். சவுத்தாலில் அந்தத் தாய் கேட்டது சரியான கேள்விதான், அந்தக் கிழட்டு மாட்டிடம் யாரும் கேட்கவில்லை. இந்தத் தொழிலை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அது இல்லாத வருடத்தையும் பார்த்துவிட்டேன் என்பதால் நடத்துகிறேன். அடுத்த வருடம் சம்பளத்துக்கு ஒரு வேட்டைக்காரரைப் பிடித்து முகாமைத் திறந்தோம். நீ படிப்பை முடித்துவிட்டு அவரிடம் பழகப் போனாய். அவர் இப்போது வேறு நாட்டுக்குப் போய்விட்டார். நீ போகாவிட்டால் முகாம் மறுபடியும் பூட்டப்படும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் உன்னைப் போகாதே என்று சொல்ல உட்கார்ந்தேன். யானைக்குட்டியை நினைத்தால் போ என்கிறது மனம், உன்னை நினைத்தால் கை உன் பாஸ்போர்ட்டை எங்கே ஒளிக்கலாம் என்று தேடுகிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் இங்கே வந்தது, உன் இப்போதைய வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே துவக்குத் தூக்கத் தொடங்கிய நேரத்தில். உன் கைக்கு அது வரக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இருக்கவில்லை. பிளேஸ்டோவில் இருக்கும் உன் மாமா போன கிழமை ரெலிபோனில், "அங்கை பெடியள் துவக்குத் தூக்கினதுக்கு இங்கை ஓடி வந்தனியள். இப்ப நீயே வாங்கிக் குடுத்து அனுப்புறாய்" என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.

நீ போனால் செய்ய வேண்டியவை உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பக்கத்துப் பகுதிக்காரர்கள் அரசாங்கம் விதித்த அளவுக்கு மேல் ஒன்றிரண்டு சுட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்களாம். நீ அந்தக் கூட்டத்தில் சேராதே. அந்த மேலதிகமான ஒன்றில்தான் தொழில் கொலையாக மாறுகிறது. பிடரி மயிர் முழுக்கக் கறுக்காத இளம் சிங்கத்தைச் சுட வேண்டும் என்று அடம்பிடிக்கிறவனை அதே விமானத்தில் திருப்பி அனுப்பு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். வாகனத்தில் இருந்தபடி யாரையும் சுட விடாதே. இறைச்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு நீ சாப்பிடு. காயம்பட்டது புல்லுக்குள் போனால்...

அந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை எழுத்து நின்றுவிட்டது.

இன்று வியாழன். மத்தியானம் அப்பா குசினியில் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிவிட்டேன், "நான் அவனை மறிக்கப் போறன். பயமில்லை எண்டு சொல்லுறான். வெளியாள் எண்டால் அனுப்புவமோ? பெத்த பிள்ளையை எப்பிடி அனுப்புறது?"

அப்பா தலை நிமிரவில்லை. "அவன் சத்தி எடுத்தவன்," என்றார்.

"ஆர்? எப்ப?"

"போன வருஷம். காயப்பட்ட மாடு ஒண்டு புல்லுக்குள்ளை போச்சுது. சம்பள வேட்டைக்காரரும் பண்டாவும் இவனும் போகவேணும். வாகனத்துக்குப் பின்னாலை போய்க் குடல் வெளியிலை வாற மாதிரிச் சத்தி எடுத்தவனாம். பண்டாதான் எனக்கு ரெலிபோனிலை சொன்னவன்."

"பிறகு?"

"பிறகென்ன, வாயைக் கொப்பளிச்சுப்போட்டு உள்ளை போனவன். ஒவ்வொரு அடிக்கும் நிண்டு நிண்டு, காது குடுத்துக் குடுத்துப் போனவனாம். மாடு திரும்பி நிண்டதை முதல் கண்டதும் அவன்தான்."

நான் எதிர்க் கதிரையில் இருந்துவிட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குச் சொல்ல வேண்டாம் எண்டு கெஞ்சினவன். அம்மா பயப்படுவா எண்டு."

வெங்காயத்தாலோ என்னவோ இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் கேட்டேன், "நீங்கள் அண்டைக்கு? கால் போன அண்டைக்கு, போக முதல் சத்தி எடுத்தனியளோ?"

கத்தியை மேசையில் வைத்தார். "இல்லை," என்றார். "அண்டைக்கு எனக்குப் பயமே வரேல்லை."

தம்பி, நீ முகாமிலிருந்து வந்த நாள் தொடக்கம் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறாய். நான் ஒவ்வொரு காலையும் அதை அணைத்துக்கொண்டு, மின்சாரத்தை வீணாக்குகிறான் என்று புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன். தேநீர் குடிக்க வருகிற அந்நியர்களின் முகத்தில் தேடுவதை, குளியலறையில் எரிந்த விளக்கில் நான் பார்க்கவில்லை. உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. வேறு யாராவது இந்த விடையோடு வந்திருந்தால் அன்றைக்கே காட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. உனக்கும் போகக்கூடாது. யாராவது உன்னைத் துணிச்சல்காரன் என்று தோளில் தட்டினால் அவனிடமிருந்து தள்ளி நில். புல்லுக்கு முன்னால் வயிறு புரட்டாத நாள் வந்தால் அன்றைக்கு உள்ளே போகாதே, பண்டாவிடம் சொல்லிக் காத்திரு. இங்கே இந்த முன் அறையில் இருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். பயம் இல்லாத ஒருவன்கூட என்னைத் தாண்டி உன்னிடம் வரமாட்டான்.

முகாமில் இரவு ஒன்பது மணிக்கு மின்பிறப்பாக்கியை நிறுத்திவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். பெட்டியில் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில், நீலக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, ஒரு டோர்ச் வைத்திருக்கிறேன். பற்றரிகளும் வருடம் முடியும்வரை போதும். எரியவிட்டுப் படு. பண்டா கண்டு சிரித்துக் கேட்டால், அம்மாவுக்குப் பயம் என்று சொல்.

அம்மா